எஞ்சின் எந்தப் பக்கம்? சிறுவர் புத்தகத்துக்குப் படம் வரைய வருகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறி வரும் மலை ரயிலில் நீராவி எஞ்சின் முன்னால் இருக்காது. கடைசியில் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வரும். முதல் பெட்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்று பாதையைப் பார்த்துக்கொண்டே வருவார். இந்தப் பாதையில் 1899-இல் ரயில் ஓடத் தொடங்கியது. நான் பிறந்து வளர்ந்ததும் அதன் கூவல் கேட்கும் தூரத்தில்தான். அப்படியிருந்தும், நான் படம் வரைந்த இரண்டாவது புத்தகத்தில் எஞ்சினை முன்னால் வரைந்துவிட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்த பிறகு, இங்கே பக்கத்தில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "ரயில் மலை ஏறியது" என்று படித்ததும் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து எஞ்சின்மேல் விரலை வைத்தான். "மிஸ், இது இறங்குகிற ரயில்தானே?" என்று கேட்டான். இறங்கும்போதுதான் எஞ்சின் முன்னால் வரும். அவனுக்கு அது தெரிந்திருந்தது. படத்தை நம்பினான், நான் படித்த வாக்கியத்தைச் சந்தேகப்பட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாள்தோறும் பார்த்த ரயிலை விட்டு, சிறுவயதில் எங்கோ பாடப்புத்தகத்தில் பார்த்த ரயிலை என் கை வரைந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் ஒரு குழந்தை உலகத்தை முதலில் படத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. அந்தக் குழந்தைக்கு இன்னொருவர் வரைந்த படத்தின் நகலைக் கொடுப்பது தவறு. சிறுவர் புத்தகத்துக்குப் படம் வரைய விரும்பி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அந்தப் பையனின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

முதலில் பேனா

வருகிறவர்கள் முதல் நாளே வண்ணப்பெட்டியைத் திறப்பார்கள். மூடச் சொல்வேன். பத்து ரூபாய்ப் பந்துமுனைப் பேனா ஒன்று, கோடு போடாத நோட்டு ஒன்று. முதல் இரண்டு மாதத்துக்கு இவை போதும். பென்சில் வேண்டாம். பென்சில் இருந்தால் ரப்பர் வரும். ரப்பர் வந்தால் பார்ப்பதை விட்டுவிட்டுத் திருத்துவதில் இறங்கிவிடுவோம்.

பஸ் நிலையத்தில் இருபது நிமிடம் உட்காருங்கள். முதுகுகளை மட்டும் வரையுங்கள். முகம் என்றால் எல்லோரும் கண், மூக்கு, வாய் என்று மனப்பாடமாக வரைந்துவிடுவார்கள். முதுகு யாருக்கும் மனப்பாடம் இல்லை. கேரட் மூட்டை இறக்குகிறவரின் முதுகு, கோத்தகிரி பஸ்ஸைத் தவறவிட்ட அம்மாவின் முதுகு, குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு டீக்கு ஊதிக்கொண்டிருக்கும் தாத்தாவின் முதுகு. ஒவ்வொன்றும் ஒரு மனநிலை. ஐம்பது முதுகு வரைந்தவருக்கு, கதையில் "அவள் வருத்தமாக இருந்தாள்" என்று வரும்போது கண்ணீர்த் துளி தேவைப்படாது.

அடுத்தது கைகள். என் அம்மா முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. கொழுந்து பறிக்கும் பெண்ணை எத்தனையோ புத்தகங்களில் பார்த்துவிட்டேன். ஒற்றை இலையை இரண்டு விரலால் பூவைப்போலப் பிடித்துக்கொண்டு, நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். என் அம்மா செடியைத்தான் பார்ப்பார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வரும். நகத்தால் கிள்ளாமல் ஒடிப்பார். இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடும். ஒடித்தது உள்ளங்கையில் சேர்ந்துகொண்டே வந்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்கூடைக்குள் விழும். திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் கறை ஏறிக் கறுத்து, வெடிப்பு விட்டிருக்கும். செடியின் ஈரம் புடவையில் ஏறாமலிருக்க இடுப்பில் படங்கு கட்டியிருப்பார். ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்தக் கைகளையே வரைந்தேன். பிறகு எந்தக் கதையில் யார் கை வந்தாலும் அது வேலை செய்யும் கையாக வந்தது.

உங்கள் ஊரில் அது மீன் ஆயும் கையாக இருக்கலாம், பூக்கட்டும் கையாக இருக்கலாம். ஏதாவது ஒரு கையை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

ஓவியர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது பரிசுகளையும் பட்டங்களையும் நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். எனக்கு வேண்டியது ஒரே கேள்விக்குப் பதில்: இவர் யாரை, எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

பீட்டர் ராபிட் என்ற முயலின் கதையை எழுதி வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர் லண்டன் வீட்டு மாடியில் தம்பியோடு முயல், எலி, முள்ளெலி எல்லாம் வளர்த்து, அவற்றை ஓயாமல் வரைந்துகொண்டிருந்தார். காளான்களையும் அதே அக்கறையோடு வரைந்தார். 1893-இல், நோயில் படுத்திருந்த ஐந்து வயதுப் பையனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு முயல் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். பின்னாளில் அதைப் புத்தகமாக்க முயன்றபோது பதிப்பாளர்கள் மறுத்தார்கள். 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. அந்த முயலின் நீலச் சட்டைக்குள்ளே இருப்பது முயலின் உடம்புதான். முயலின் முதுகெலும்பு, முயலின் பின்னங்கால். நம் கருமந்திக்கு நீங்கள் ஸ்வெட்டர் போட்டுவிடுவதானால், முதலில் ஸ்வெட்டர் இல்லாத கருமந்தியை நூறு முறை வரைந்திருக்க வேண்டும். அதன் வால் உடம்பைவிட நீளம். பிடரியைச் சுற்றிப் பழுப்பு ரோமம். இவை தப்பினால் அது எந்த ஊர்க் குரங்கோ ஆகிவிடும்.

அமெரிக்கப் படக்கதை ஓவியர் மாரிஸ் செண்டாக் தன் புகழ்பெற்ற 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தைக் காட்டுக் குதிரைகளை வைத்துத்தான் தொடங்கினார். குதிரை வரைய வரவில்லை. குதிரைகள் போய், பெயரில்லாத காட்டு உயிர்கள் வந்தன. அவற்றின் முகங்கள் எங்கிருந்து வந்தன? புரூக்ளினில் அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளி, "உன்னைத் தின்றுவிடுவேன்" என்று கொஞ்சிய அத்தை, மாமாக்களிடமிருந்து. அவர்களின் பல்லும் கண்ணும் குழந்தைக்கு எப்படித் தெரிந்தனவோ அப்படியே 1963-இல் தாளில் வந்தன. வராத குதிரையோடு மல்லுக்கட்டி மாதங்களை வீணாக்காதீர்கள். உங்களைப் பயமுறுத்திய பெரியம்மா யார் என்று யோசியுங்கள்.

இன்னொரு அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1940-இல் ஒரு பத்திரிகையில் வந்த கறுப்பினச் சிறுவனின் படங்களைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்தார். அந்தச் சிறுவன் அவருடைய 'தி ஸ்னோவி டே' புத்தகத்துக்குள் பனியில் நடந்து வர 1962 ஆனது. இருபத்திரண்டு ஆண்டுகள். எனவே ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். பஸ் டிக்கெட், செய்தித்தாள் துண்டு, சருகு எது பிடித்தாலும் அதில் போடுங்கள். எதற்கு என்று இப்போது தெரிய வேண்டியதில்லை.

நம் அம்புலிமாமா சங்கரை எப்படி விடுவது? கே. சி. சிவசங்கரன் என்ற அந்த மனிதர் 2020-இல் மறையும்வரை தமிழ்க் குழந்தைகளின் கற்பனையில் வேதாளத்துக்கு அவர் கொடுத்த உருவம்தான் இருந்தது. இன்றும் அதுதான். உருவிய வாளோடு நடக்கும் ராஜாவை மட்டும் பாருங்கள். தோளில் கிடக்கும் பிணத்தின் கனம் அந்த நடையில் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவரைப் பார்த்து வரைந்த பழக்கம் இல்லாத கையிலிருந்து அந்த நடை வராது என்றே நான் நம்புகிறேன்.

மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் லண்டனுக்கு ஒரு உணவகச் சுவரில் ஓவியம் தீட்டப் போனார். அங்கே பார்த்ததை 2004-இல் புத்தகமாக்கியபோது, பிக் பென் கடிகாரம் சேவலாயிற்று. நேரம் சொல்வது இரண்டும்தானே. பஸ் நாயாயிற்று. வெளியூர் போனாலும் அவர் தன் ஊர்க் கண்ணைக் கழற்றி வைக்கவில்லை. எனக்கு இவர் மேல் இருக்கும் மரியாதை தனி.

கோத்தகிரிப் பக்கம் ஆலு குறும்பர் பழங்குடியினர் பாறை ஓவிய மரபை இன்றும் காகிதத்தில் தொடர்கிறார்கள். வேங்கை மரப் பிசின், மண், இலைச்சாறு, கரி என்று நிறங்கள் காட்டிலிருந்தே வருகின்றன. பாறையில் தொங்கித் தேன் எடுப்பதை அவர்கள் வரையும்போது கயிறு எங்கே கட்டப்படுகிறது என்பது சரியாக இருக்கும். அந்தக் கயிற்றில் தொங்கியவர்கள் இருக்கும் ஊர் அது. ஆனால் அந்தப் பாணியை நீங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் பெயரில் வரையாதீர்கள். அது அவர்களுடையது. நிறத்தைச் சுற்றுப்புறத்தில் தேடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுத் தாள், முப்பத்திரண்டு பக்கம்

கதை கையில் வந்ததும் படம் வரைய உட்காராதீர்கள். எட்டு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். முப்பத்திரண்டு பக்கம் கிடைக்கும். அச்சகத்தில் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டின், பதினாறின் மடங்காகவே வரும் என்பதால் படக்கதைப் புத்தகங்களுக்கு 32 பக்கம் பழகிப்போன கணக்கு. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது சுமார் பதினான்கு இரட்டைப் பக்கங்கள். இந்த மடித்த தாளுக்கு டம்மி என்று பெயர். கதையைக் கத்தரித்து இதில் ஒட்டுங்கள். தீப்பெட்டி அளவில் கிறுக்கல் போதும். பக்கம் திருப்பும் இடத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். "கதவுக்குப் பின்னால்..." என்ற வரி வலப்பக்கக் கடைசியில் வந்தால்தான் குழந்தை தாளைத் திருப்பும். இடப்பக்கத்தில் வந்தால் கண் அதற்குள் எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிடும், ரகசியம் போய்விடும்.

நடு மடிப்பில் யார் முகத்தையும் வைக்காதீர்கள். தையல் முகத்தை விழுங்கிவிடும்.

அடுத்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் உயிர். வாசகம் சொன்னதைப் படம் திருப்பிச் சொல்லக்கூடாது. "பாட்டி கதவைத் திறந்தாள்" என்று கதையில் இருக்கிறது. பாட்டி கதவைத் திறக்கும் படம் வரைந்தால் ஒரு பக்கம் வீண். கதவு திறந்ததும் உள்ளே என்ன தெரிகிறது? ஒருமுறை நான் ஆணியில் தொங்கும் ஆண்கள் குடை ஒன்றை வரைந்தேன். அதன் கீழே ஜோடி செருப்பு, துடைத்து வைத்தது. தாத்தாவைப் பற்றிக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "தாத்தா எங்கே?" என்று கேட்காத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. எழுத்தாளர் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். அவருடைய கதைக்கு அடியில் இன்னொரு கதை ஓடுவது அவருக்கே பிடித்துப்போனது.

இங்கே ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். ஒரு பதிப்பகத்திலிருந்து, எங்கள் மலைக் கிராமத்தில் நடக்கும் கதைக்கு, "பின்னணியில் தென்னை மரங்களும் கூரை வீடும் இருக்கட்டும், கிராமம் என்று தெரிய வேண்டும்" என்று குறிப்பு வந்தது. குன்னூர் உயரத்தில் தென்னந்தோப்பு எங்கே இருக்கிறது? இங்கே தேயிலைக்கு நடுவில் சில்வர் ஓக் நிற்கும். வீட்டுக்குத் தகரக் கூரை. முற்றத்தில் காயப்போட்ட ஸ்வெட்டர் மூன்று நாளானாலும் காயாது. மூன்று முறை எழுதினேன். கடைசியில் புகைப்படங்களை அனுப்பித்தான் மாற்றவைத்தேன். நீங்களும் விடாதீர்கள். கோபப்படாமல், புகைப்படத்தோடு, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தன் வீட்டைப் புத்தகத்தில் ஒருபோதும் பார்க்காத குழந்தை, புத்தகம் வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொள்ளும். நான் அப்படி நினைத்து வளர்ந்தவள்.

முக்கியப் பாத்திரத்தை எல்லாப் பக்கத்திலும் ஒரே ஆளாகக் காட்டுவது கடினம். நின்று, உட்கார்ந்து, ஓடி, அழுது, பின்பக்கமாக என்று ஒரே தாளில் பத்து நிலைகளில் வரைந்து மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். மாறாத ஓர் அடையாளம் வேண்டும். நான் வரைந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு ஸ்வெட்டரின் இடது கை நூல் பிரிந்து தொங்கும். பதினான்கு இரட்டைப் பக்கத்திலும் அந்த நூல் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே.

டம்மி முடிந்ததும் குழந்தைகளிடம் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். விரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். எஞ்சின் கதையை அச்சுக்கு முன்பே அந்தப் பையன் சொல்லியிருப்பான், நான் காட்டியிருந்தால். மறுபதிப்பில் அந்தப் பக்கத்தை முழுதாக வரைந்து மாற்றினேன். எஞ்சின் பின்னால், முன்னால் கொடியோடு பிரேக்ஸ்மேன்.

மூடுபனியும் ஈரத் தாளும்

வண்ணத்தில் நான் மூன்று நிறத்தோடு நிற்பேன். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு இரண்டே நூலால், முன்கூட்டி வரையாமல் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் பூவேலையைப் பார்த்தவர்களுக்கு நிறம் அதிகம் தேவையில்லை என்பது புரியும்.

மூடுபனி வரைய எல்லோரும் வெள்ளை நிறத்தைப் பிழிகிறார்கள். அதைத் தொடாதீர்கள். தாளின் வெண்மைதான் பனி. சாம்பல் கலந்த நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, ஈரத் தாளில் தூரத்து மரவரிசையைத் தொட்டு விடுங்கள். அடி தானாகக் கரைந்து காணாமல் போகும். முழுதாகக் காயட்டும். அடுத்த வரிசைக்குக் கொஞ்சம் அடர்த்தி, கொஞ்சம் கீழே. அதுவும் காயட்டும். கடைசியாக, உலர்ந்த தாளில், கெட்டி நிறத்தில், பக்கத்திலிருக்கும் ஒரே ஒரு சில்வர் ஓக். பனிக்குள் தெரியும் மரத்துக்கு அடி மங்கல், தலை தெளிவு. மறந்து வேரிலிருந்து வரைந்தால் பனி நின்றுபோகும்.

"காயட்டும்" என்று எழுதிவிட்டேன். ஐப்பசி மழையில் குன்னூரில் எது காய்கிறது? இந்த மலையில் வாட்டர்கலர் வரைகிறவருக்குத் தாளைக் காப்பது பாதி வேலை. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் அலையலையாக எழும்பிவிடும். ஈரத்திலேயே கிடந்த தாளில், தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமல் தடுக்கும் மேற்பூச்சு செத்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், தூரிகை பட்டதும் அங்கங்கே மையொற்றித் தாள்போல உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகும். ஒரு முழுப் பக்கம் எனக்கு அப்படிப் போயிருக்கிறது. தாளை பாலித்தீன் உறையில் போட்டு, தகரப் பெட்டியில், மூலையில் துணியில் முடிந்த அடுப்புக்கரியோடு வையுங்கள். மாதம் ஒரு முறை கரியை வெயிலில் காயவைத்து மாற்றுங்கள். தொடங்கும் முன் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். அவசரத்துக்கு முடி உலர்த்தும் கருவி உதவும், ஒரு முழம் தள்ளிப் பிடித்தால்.

மார்ச், ஏப்ரலில் இங்கே ஜக்கரண்டா பூக்கும். அந்த ஊதாவைத் தாளில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அச்சகத்தில் நான்கு நிற மையில் அச்சாகும்போது மங்கி வெளுத்துவிடும். அதை நம்பி ஒரு பக்கத்தை அமைக்காதீர்கள். பக்கத்தின் வெட்டு ஓரங்களில் 3 மில்லிமீட்டராவது படம் அதிகமாக இருக்கட்டும். ஸ்கேன் 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு, குறையக்கூடாது.

கையெழுத்துப் போடும் முன்

என் முதல் புத்தகத்தின் அட்டையில் என் பெயர் இல்லை. மூலப் படங்களும் திரும்பி வரவில்லை. கேட்டபோது, பணம் கொடுத்தாகிவிட்டதே என்றார்கள். சட்டம் தெரியாமல் அழுதேன். நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் தந்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் தூரிகையைத் தொடும் முன் எழுத்தில் வாங்குங்கள்: பதிப்புரிமை ஓவியரிடம், புத்தகமாக அச்சிடும் உரிமை மட்டும் பதிப்பகத்துக்கு, மூலப் படங்கள் இத்தனை மாதத்துக்குள் திரும்ப வேண்டும், அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் ஓவியர் பெயர். உரிமையை எழுதிக்கொடுப்பதானாலும் எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ராயல்டியா மொத்தத் தொகையா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. மறுபதிப்புக்கு மறுபடி பணம் என்ற வரி மட்டும் கட்டாயம்.

படங்களை அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் எண்ணெய்த்தாள், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, அதற்கு மேல் பாலித்தீன், அதற்கும் மேல் இன்னொரு பாலித்தீன். உருட்டி அனுப்பாதீர்கள். மழைக்காலத்தில் திங்கள் காலை அனுப்புங்கள். சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கின் ஈரத் தரையில் உங்கள் ஆறு மாத வேலை கிடக்கும்.